முதலில் வரும் எண்

போன வாரம், டெஸ்டிங் வேலையில் இருக்கும் உங்களில் ஒருவர் தான் எழுதிய ஸ்கிரிப்டை எனக்கு அனுப்பி, "ஒரு பார்வை பார்த்துச் சொல்லுங்க சார்" என்று கேட்டிருந்தார். ரிட்டயர் ஆன ஆளுக்கு வேறென்ன வேலை இருக்கப்போகிறது என்று நினைத்திருப்பார். நியாயம்தான், வேறு வேலை இல்லை. திறந்து பார்த்தேன். பக்கம் வந்ததும் பத்து வினாடி காத்திரு. பெயரைத் தட்டியதும் ஐந்து வினாடி காத்திரு. பொத்தானை அழுத்தியதும் முப்பது வினாடி காத்திரு. இப்படியே நாற்பத்து மூன்று இடங்கள். எண்ணி முடித்ததும் கணினியை மூடிவிட்டுப் போய் ஒரு டம்ளர் மோர் குடித்தேன். எரிச்சல் அடங்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எரிச்சல் முழுவதும் அந்தத் தம்பிமேல் அல்ல. இந்த வழக்கத்தை ஒரு குழுவுக்கே ஊட்டி வளர்த்தவன் நான். அதில் ஒரு மனிதரின் உயிர் போயிருக்கும். ஒரு பெண்ணின் வேலையும் போயிருக்கும். இரண்டும் போகாமல் தப்பியதில் என் சாமர்த்தியம் எதுவும் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு என்னைப் புகழ்ந்து மெயில் போட வேண்டாம்.

உங்கள் வீட்டில் யாராவது இதைப் படித்தால் புரியட்டும் என்பதற்காக நம் வேலையைப் பற்றி நாலு வரி. ஒரு மனிதர் உட்கார்ந்து இணையப் பக்கத்தைத் திறந்து, எழுதி, அழுத்தி, வருவதைப் படித்துச் சரிபார்ப்பதற்குப் பதிலாக, அதையெல்லாம் செய்ய ஒரு நிரலை எழுதுகிறோம். அதுதான் ஸ்கிரிப்ட். மனிதருக்குக் கண் இருக்கிறது, பக்கம் வந்துவிட்டதா என்று பார்த்துவிட்டு அழுத்துவார். ஸ்கிரிப்டுக்கு நாம் சொன்னால்தான் தெரியும். அதனிடம் இரண்டு விதமாகச் சொல்லலாம். "இத்தனை வினாடி சும்மா இரு" என்று சொல்லலாம். அல்லது "இந்தப் பொருள் கண்ணில் படும்வரை இரு, பட்டதும் வேலையைப் பார்" என்று சொல்லலாம். முதலாவது சோம்பேறிகளின் வழி. அதில் நான் கொடிகட்டிப் பறந்தேன்.

இரண்டாயிரத்து ஆறு, ஏழு வாக்கில் என்று வைத்துக்கொள்ளுங்கள். கோயம்புத்தூரிலிருந்து புனே வந்து எட்டு வருடம் ஆகியிருந்தது. வாகடில் வீடு, ஔந்த்தில் அலுவலகம். கீழே கடைகள், மேலே மூன்றாவது மாடியில் நாங்கள். எட்டுப் பேர் கொண்ட டெஸ்டிங் குழுவுக்கு நான் தலைவன். சுவரில் ஒரு வெள்ளைப் பலகை. அதில் எட்டுப் பெயர்கள். தினமும் காலையில் எல்லா ஸ்கிரிப்டுகளும் ஓடி முடிந்ததும், பாஸ் ஆனவர் பெயருக்கு எதிரே பச்சை வட்டம், ஃபெயில் ஆனவர் பெயருக்கு எதிரே சிவப்பு வட்டம். சிவப்பு வாங்கியவர் அன்று எல்லோருக்கும் கீழே போய் வடாபாவ் வாங்கி வர வேண்டும். இந்தச் சட்டத்தைப் போட்டவனும் நான்தான். உற்சாகமாக இருக்குமே என்று நினைத்தேன்.

என்ன நடந்திருக்கும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். யாருக்கும் சிவப்பு வாங்க இஷ்டம் இல்லை. சிவப்பு ஏன் வந்தது என்று குடைந்து பார்க்கவும் இஷ்டம் இல்லை. ஃபெயில் ஆன இடத்துக்கு முன்னால் ஐந்து வினாடி கூட்டு. மறுபடி ஃபெயிலா, இன்னும் ஐந்து. யாராவது என்னிடம் வந்து நின்றால், திரையைக்கூடப் பார்க்காமல் "இருபது போடு" என்பேன். போட்டால் பச்சை வந்துவிடும். குழுவில் எனக்கு "பீஸ் செகண்ட் சார்" என்று பெயரே வைத்துவிட்டார்கள். இந்தியில் பீஸ் என்றால் இருபது. எனக்கு அதில் பெருமைவேறு.

அந்தச் சமயத்தில்தான் ஒரு மருத்துவமனை வேலை வந்தது. வானவடிப் பக்கம் ஒரு அறக்கட்டளை நடத்தும் மருத்துவமனை. ரத்தப் பரிசோதனை முடிவுகளைக் கணினியில் காட்டும் பக்கம் ஒன்றை எங்கள் நிறுவனம் செய்துகொடுத்தது. இடது பக்கம் நோயாளிகளின் பெயர்ப் பட்டியல். ஒரு பெயரை அழுத்தினால் வலது பக்கம் மேலே அவர் பெயர் வரும், அதற்குக் கீழே ஹீமோகுளோபின், சர்க்கரை, பொட்டாசியம் என்று அட்டவணை வரும். இதில் ஒரு விஷயத்தை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பெயர் உடனே மாறிவிடும். அட்டவணை சர்வரிலிருந்து வர வேண்டும், கொஞ்சம் தாமதமாகும். புதிய அட்டவணை வந்து சேரும்வரை, முன்னால் பார்த்த நோயாளியின் அட்டவணை அப்படியே அங்கேயே நிற்கும். இது எங்கள் ஒருவருக்கும் அப்போது தெரியாது. ஒருவரைத் தவிர.

அவள் பெயர் சுமதி. வேலைக்குச் சேர்ந்து ஐந்து மாதம், இன்னும் நிரந்தரம் ஆகவில்லை. புனேயிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். தாத்தா காலத்தில் வேலூர்ப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம். அப்பா ஆர்ட்னன்ஸ் பேக்டரியில் வேலை பார்த்து அந்த வருடம்தான் ஓய்வு பெற்றிருந்தார். தம்பி படித்துக்கொண்டிருந்தான். வீட்டில் இனி இவள் சம்பளம்தான். ஆறு மாதம் முடியும்போது தலைவன் நல்லதாக நாலு வார்த்தை எழுதினால் வேலை நிற்கும், இல்லாவிட்டால் மாதக் கடைசியில் அனுப்பிவிடுவார்கள். அது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

பொட்டாசியம் எண்ணைச் சரிபார்க்கும் ஸ்கிரிப்ட் அவளுடையது. அதில் அவள் வினாடிக் கணக்கே போடவில்லை. பெயரை அழுத்து, எண் இருக்கிறதா பார், இருந்தால் உடனே படி, அவ்வளவுதான். அது இரண்டு நாள் பச்சை, ஒரு நாள் சிவப்பு, மறுபடி பச்சை, மறுபடி சிவப்பு என்று ஆடியது. அவள் முகம் சுளிக்காமல் வடாபாவ் வாங்கிக்கொண்டு வருவாள். "இன்னைக்கும் சுமதி ட்ரீட்டா?" என்று எல்லோரும் கிண்டல் செய்வார்கள். நானும் ஒன்றை எடுத்துக் கடித்துக்கொண்டே சிரிப்பேன்.

மூன்றாவது சிவப்போ நான்காவதோ வந்தபோது என் மேசைக்கு வந்தாள். "சார், அது டைம் பிராப்ளம் இல்ல. நம்பரே கலத் சார். தப்பு நம்பர் வருது."

"எப்பவும் வருதாம்மா?"

"எப்பவும் இல்ல. கபி கபி, எப்பவாச்சும்."

"அப்ப டைம் பிராப்ளந்தான். இருபது போட்டு உட்டுரு, சரியாப் போயிரும்."

"போட்டா பாஸ் ஆயிடும் சார், எனக்கும் தெரியும். ஆனா அதுக்கு முன்னாடி இன்னா வருதுன்னு யாரு பாப்பா? நீங்க ஒரு தடவ லாக் பாருங்களேன்."

ஸ்கிரிப்ட் ஓடும்போது என்ன நடந்தது என்று அதுவே எழுதிவைக்கும் குறிப்புதான் லாக். பார்க்கிறேன் என்றேன். பார்க்கவில்லை. அதற்குப் பதில், பக்கத்தை எழுதிய டெவலப்பரிடம் போய்க் கேட்டேன். அவர் காதிலிருந்து ஹெட்போனைக்கூட எடுக்காமல், "உங்க ஸ்கிரிப்ட் மனுஷனைவிட வேகமா ஓடுது. எந்த மனுஷன் அரை செகண்டில் நம்பரைப் படிப்பான்?" என்றார். எனக்கு அது மிகவும் புத்திசாலித்தனமான பதிலாகப் பட்டது. சுமதியிடம் வந்து அப்படியே ஒப்பித்தேன்.

"நம்ம சர்வர் பக்கத்து ரூம்ல இருக்கு சார். அங்க ஹாஸ்பிடல்ல லைன் எப்படின்னு யாருக்குத் தெரியும்?" என்றாள்.

பதில் இல்லாதபோது தலைவர்கள் என்ன செய்வார்கள் என்று உங்களுக்குத் தெரியும், உங்களுக்கும் தலைவர்கள் இருக்கிறார்கள். "சொன்னதச் செய்யி முதல்ல" என்றேன். அவள் செய்யவில்லை. இருபது போடாமல் அப்படியே விட்டாள். சிவப்பு தொடர்ந்தது.

மருத்துவமனையில் சோதனை ஓட்டம் திங்கட்கிழமை என்று முடிவாகியது. அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை காலை மேலாளர் வந்து பலகைக்கு முன் நின்றார். எல்லாம் பச்சை, சுமதிக்கு எதிரே மட்டும் சிவப்பு. "ஹாஸ்பிடலுக்கு ரிப்போர்ட் போகணும். இந்தச் சிவப்பு என்ன?" என்று கேட்டார். ஸ்கிரிப்ட் கொஞ்சம் சரியில்லை என்றேன். பக்கம் சரியில்லாமல் இருக்கலாம் என்ற எண்ணமே எனக்கு வரவில்லை. "அப்படின்னா அதை எடுத்துடுங்க" என்றார். எடுத்துவிட்டேன். பலகை முழுவதும் பச்சை. அன்று மதியமே சுமதியின் ஆறு மாதப் படிவமும் மேசைக்கு வந்தது. குழுத் தலைவரின் குறிப்பு என்ற இடத்தில், "சொன்னதைக் கேட்பதில்லை. இவர் ஸ்கிரிப்டுகளை நம்ப முடியாது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

திங்கட்கிழமை நர்சுகளுக்குச் சொல்லிக்கொடுக்க மராத்தி நன்றாகத் தெரிந்தவர் வேண்டும் என்று சுமதியையே அனுப்பியிருந்தோம். அவள் ஒன்பது மணிக்கே போய்ப் பதிவு செய்யும் கவுண்டரில் உட்கார்ந்துவிட்டாள். நான் ஔந்த்திலிருந்து வானவடி போய்ச் சேரப் பத்தரை ஆகிவிட்டது. வெளி நோயாளிகள் பிரிவில் கூட்டம் நெரிந்தது. ஒரு சின்ன அறையில் வயதான சிஸ்டர் ஒருவர் புதுக் கணினிக்கு முன்னால் இருந்தார். பட்டியலில் பெயரை அழுத்துவார், முக்கியமான எண்களைக் கேஸ் பேப்பரில் எழுதுவார், நோயாளியிடம் கொடுத்து டாக்டர் அறைக்கு அனுப்புவார். இதுதான் அவர் வேலை. நான் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, எப்படி இருக்கிறது எங்கள் பக்கம் என்று பெருமையாகக் கேட்டேன்.

சிஸ்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுப் பாதி மராத்தியும் பாதி இந்தியுமாகச் சொன்னார்: "நல்லா இருக்கு சாஹேப். ஒண்ணே ஒண்ணு கேக்கணும். முதல்ல ஒரு நம்பர் இருக்கு, கொஞ்ச நேரம் கழிச்சு வேற நம்பரா மாறுது. நான் எதை எழுதட்டும்?"

எனக்குப் புரியவில்லை. அழுத்திக் காட்டச் சொன்னேன். ஒரு பெயரை அழுத்தினார். மேலே பெயர் மாறியது. கீழே எண்கள் அப்படியே நின்றன. நான் மனதுக்குள் எண்ணினேன். ஆறு, ஏழு என்று எண்ணியபோது எண்கள் மாறின. அடுத்த பெயர். மறுபடி அதே.

"நீங்க எதை எழுதினீங்க சிஸ்டர்?"

"முதல்ல இருக்கறதைத்தான். வெளியே எத்தனை பேர் நிக்கறாங்க பாருங்க. மாறுற வரைக்கும் உக்காந்திருக்க முடியுமா?"

யார் அரை வினாடியில் படிப்பார்கள் என்று கேட்டாரே டெவலப்பர், இதோ இவர் படிக்கிறார். முப்பது வருடமாக எண்களைப் பார்த்து எழுதிய கை. பெயருக்குக் கீழே எண் இருக்கிறது, எழுதுகிறார். அவர்மேல் ஒரு தப்பும் இல்லை. எங்கள் ஸ்கிரிப்டுகள் எல்லாம் இருபது வினாடி கண்ணை மூடிக்கொண்டு இருந்துவிட்டு, எல்லாம் சரியான பிறகு கண்ணைத் திறந்து, பச்சை என்று சொல்லிக்கொண்டிருந்தன. என்ன கேவலம் பாருங்கள். இதை நினைத்தால் இன்றும் எனக்கு என்மேலேயே ஆத்திரம் வருகிறது.

சிஸ்டரை நிறுத்தச் சொல்லிவிட்டு சுமதியைக் கூப்பிட்டேன். வந்தாள். திரையை ஒரு முறை பார்த்தாள். நான் அப்பவே சொன்னேனே என்று ஒரு வார்த்தை சொல்வாள் என்று காத்திருந்தேன், சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். அவள் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சிஸ்டரிடம் மராத்தியில், காலையிலிருந்து எழுதிய கேஸ் பேப்பர்கள் எங்கே, ஆய்வகத்தில் கையால் எழுதும் பதிவேடு உண்டா என்று இரண்டு கேள்வி கேட்டாள். அவ்வளவுதான். பத்து நிமிடத்தில் பதிவேடு வந்தது. இருபத்தாறு பேர். டாக்டர் அறைக்கு வெளியே காத்திருந்தவர்களிடம் போய்ப் பேப்பர்களை வாங்கி, ஒவ்வொன்றாகப் பதிவேட்டோடு ஒப்பிட்டுத் திருத்தினோம். ஒன்பது பேரை டாக்டர் ஏற்கனவே பார்த்து முடித்திருந்தார். அவர்கள் எண்களைப் பதிவேட்டில் அவரவருக்கு முந்தையவர் எண்களோடு ஒப்பிட்டோம். அந்த ஒன்பதில் எட்டுப் பேருக்குப் பெரிய வித்தியாசம் இல்லை. ஒருவருக்கு இருந்தது.

பெயர் தங்கவேலு. கண்டோன்மெண்ட் பக்கம் ஒரு ஒர்க்‌ஷாப்பில் வெல்டராக இருந்து ஓய்வு பெற்றவர். சிறுநீரகக் கோளாறுக்கு மாதாமாதம் வருகிறவர். பதிவேட்டில் அவருக்குப் பொட்டாசியம் ஆறு புள்ளி ஆறு. கேஸ் பேப்பரை அவர் கையோடு கொண்டுபோயிருந்தார், ஆனால் சிஸ்டருக்கு நினைவிருந்தது, நாலு சொச்சம் எழுதினேன் என்றார். பட்டியலில் அவருக்கு முந்தைய பெயர் ஒரு கல்லூரிப் பெண்ணுடையது. டாக்டரிடம் ஓடினோம். இளம் பெண் டாக்டர். பதிவேட்டைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார். "இவரை இப்பவே கூட்டிட்டு வாங்க. இந்த அளவுக்கு ஏறினா ஹார்ட் எப்ப வேணும்னாலும் நின்னுடும். நான் நல்லா இருக்குன்னு வீட்டுக்கு அனுப்பிட்டேனே" என்றார்.

தங்கவேலு கிளம்பிப் போய்ப் பத்து நிமிடம் ஆகியிருந்தது. பதிவில் இருந்த தொலைபேசி எண் பக்கத்து வீட்டுக்காரருடையது, யாரும் எடுக்கவில்லை. சுமதி வெளியே ஓடினாள். நானும் பின்னால் ஓடினேன். கேட்டுக்கு எதிரே பஸ் ஸ்டாப்பில், கட்டம் போட்ட சட்டையும் மடியில் துணிப்பையுமாக ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார்.

"தங்கவேலு மாமாதானே?" என்றாள்.

"ஆமாம்மா. நீ யாரு?"

நான் நடுவில் புகுந்தேன். "ஐயா, வணக்கமுங்க. நாங்க கம்ப்யூட்டர் கம்பெனியிலிருந்து வர்றோமுங்க. சிஸ்டத்துல ஒரு சின்ன இதாயிருச்சு, அதனால ரிப்போர்ட்டுல ஒரு நம்பர்..." என்று ஆரம்பித்தேன். எங்கள் நிறுவனத்தின்மேல் குற்றம் வராத வகையில் எப்படிச் சொல்வது என்று வார்த்தை தேடிக்கொண்டிருந்தேன். அந்த நேரத்திலும்!

பெரியவர் என்னைப் பார்த்துவிட்டு அவளைப் பார்த்தார். "டாக்டரம்மா எல்லாம் டீக்கா, நல்லா இருக்குன்னு சொல்லிட்டாங்க. அடுத்த மாசம் வரச் சொன்னாங்க. பஸ் வர்ற நேரம். இத விட்டா இன்னும் ஒரு மணி நேரம் நிக்கணும், எனக்குக் கால் தாங்காது."

தூரத்தில் பஸ் தெரிந்தது. அவர் எழுந்தார். நான் இன்னும் வாக்கியத்தை முடிக்கவில்லை. சுமதி அவர் கையிலிருந்த துணிப்பையை வாங்கிக்கொண்டாள். ஏற்றிவிடத்தான் வாங்குகிறாள் என்று நினைத்து அவரும் கொடுத்துவிட்டார். அவள் பையோடு மருத்துவமனையைப் பார்த்து நடக்க ஆரம்பித்தாள்.

"ஏய், இன்னாம்மா! என் பையி! பஸ் பாஸ் அதுலதான் இருக்குது!"

"வாங்க மாமா, உள்ள வந்து வாங்கிக்கோங்க. மெதுவா வாங்க, ஓடாதீங்க."

திட்டிக்கொண்டே பின்னால் வந்தார். பஸ் போய்விட்டது. வாசலில் டாக்டரே சக்கர நாற்காலியோடு நின்றுகொண்டிருந்தார். ஈசிஜி எடுத்தார்கள். எடுத்ததும் அவரை வீட்டுக்கு விடவில்லை, மாடியில் படுக்கை போட்டுவிட்டார்கள். பஸ்ஸில் ஏறியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று டாக்டரிடம் கேட்டேன். "அதை ஏன் கேக்கறீங்க, கூட்டிட்டு வந்தாச்சு இல்ல" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

இனிதான் எனக்கு அதிகமாக வெட்கம் தரும் பகுதி. வராந்தாவில் நின்று மேலாளருக்குப் போன் செய்தேன். அவர் பதறினார், பக்கத்தை உடனே நிறுத்தச் சொன்னார், அதெல்லாம் சரியாகத்தான் செய்தார். பிறகு, "ரிப்போர்ட்டில் நெட்வொர்க் ஸ்லோ என்று மட்டும் எழுதுங்க" என்றார். சுமதியின் படிவத்தை மாற்ற வேண்டும் என்றேன். "மாத்தினா காரணம் எழுதணும். காரணத்தை நாலு பேர் படிப்பாங்க. கொஞ்சம் ஆறட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்றார். ஆறுவதற்குள் மாதம் முடிந்து அவளுக்கு வேலை போயிருக்கும். அது தெரிந்தும் நான் சரி சார் என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன்.

மதியம் அலுவலகத்துக்கு வந்து லாக்குகளைத் திறந்தேன். பதினோரு சிவப்பு, பதினோரு லாக். ஒவ்வொன்றிலும் முதல் வரியே எளிமையான ஆங்கிலத்தில் இருந்தது: "இது இந்த நோயாளியின் எண் அல்ல. பட்டியலில் இதற்கு முந்தைய நோயாளியின் எண்." எது தப்பு, யாருடைய எண், எல்லாவற்றையும் ஸ்கிரிப்டே கண்டுபிடித்து எழுதும்படி செய்திருந்தாள். நான் பலகையில் வட்டத்தின் நிறத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு லாக்கைப் படிக்க ஒரு நிமிடம் ஆகியிருக்காது. டெவலப்பரிடம் காட்டினேன், ஹெட்போனைக் கழற்றிவிட்டுப் படித்தார். பெயரை அழுத்தியதும் பழைய அட்டவணையை அழித்துவிட்டுப் புதியதற்குக் காத்திருக்கும்படி மாற்றினார். அரை மணி நேர வேலை.

தம்பிகளா, தங்கைகளா, நன்றாகக் கேளுங்கள். ஸ்கிரிப்ட் சில சமயம் பாஸ், சில சமயம் ஃபெயில் என்றால் உடனே அதன்மேல் பழியைப் போடாதீர்கள். வினாடியைக் கூட்டுவதற்கு முன், அந்த வினாடியில் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று உங்கள் கண்ணால் பாருங்கள். உங்கள் ஸ்கிரிப்ட் கண்ணை மூடியிருக்கும் நேரத்தில் யாரோ ஒருவர் கண்ணைத் திறந்து அந்தப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். ஏதோ ஒரு பொருள் வரும்வரை காத்திரு என்று எழுதினாலும் போதாது. வர வேண்டியதுதான் வந்ததா என்று பார்க்க வேண்டும். இதைச் சொல்ல எனக்குத் தகுதி இருக்கிறதா என்று கேட்காதீர்கள், இல்லை.

புதன்கிழமை தங்கவேலுவைப் பார்க்க நானும் சுமதியும் போனோம். அவளுக்குப் படிவத்தில் நான் என்ன எழுதினேன் என்பது அதற்குள் தெரிந்துவிட்டது. மேலாளர் வாயாலேயே வந்திருக்க வேண்டும். பெரியவர் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார், எண் இறங்கிவிட்டதாம். பையைத் தலையணைக்கு அடியில் பத்திரமாக வைத்திருந்தார்.

"ஏன் தம்பி, மெஷின் கோளாறா?" என்று என்னைக் கேட்டார்.

"ஆமாங்க ஐயா, நெட்வொர்க் கொஞ்சம் ஸ்லோ ஆயிருச்சு" என்றேன். எவ்வளவு சுலபமாக வந்துவிட்டது பாருங்கள்.

"இல்ல மாமா," என்றாள் சுமதி. "நெட்வொர்க் ஸ்லோதான், ஆனா தப்பு அதுமேல இல்ல. மெஷின் முன்னாடியே சொல்லிச்சு. நாங்கதான் கேக்கல."

நாங்கதான் என்றாள். அதில் அவள் சேர வேண்டிய அவசியமே இல்லை. நீங்கதான் சார் என்று என்னைக் கைகாட்டியிருக்கலாம், அவரும் எனக்கு நாலு வசவு கொடுத்திருப்பார், நான் வாங்கிக்கொண்டிருப்பேன். தன் வேலையைப் பறிக்க எழுதிக்கொடுத்தவனோடு சேர்ந்து நின்று பழியை வாங்கிக்கொண்டாள். பெரியவர் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"சரி, இனிமே கேளுங்க. எல்லாருக்கும் பையப் புடுங்கினு ஓட ஆளு வராது" என்றார்.

அலுவலகத்துக்குத் திரும்பியதும் வேறு எந்த வேலையையும் தொடவில்லை. வேறு படிவம் வாங்கி எழுதினேன். மாற்றத்துக்குக் காரணம் என்ற இடத்தில், "இவர் ஸ்கிரிப்ட் சரியாக இருந்தது. இணையப் பக்கத்தில் இருந்த தவறை அது பதினோரு முறை சொன்னது. நான் படிக்காமலே அதை எடுத்துவிட்டேன். முந்தைய குறிப்பு என் தவறு" என்று எழுதி, மேலாளரிடம் காட்டாமல் நேராக மனிதவளத் துறையில் கொண்டுபோய்க் கொடுத்தேன். அங்கிருந்த அம்மா இரண்டு முறை படித்துவிட்டு, "இது உங்க ஃபைலிலும் போகும், பரவாயில்லையா?" என்று கேட்டார். போகட்டும் என்றேன். மேலாளர் என்னோடு நாலு நாள் பேசவில்லை. அடுத்த பதவி உயர்விலும் என் பெயர் இல்லை. அதைப் பற்றிக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை.

மாதக் கடைசியில் சுமதிக்கு வேலை நிரந்தரம் என்று கடிதம் வந்தது. அன்று காலை என் மேசைக்கு வந்தாள். நன்றி சொல்லப்போகிறாள் என்று நினைத்து, அதெல்லாம் எதற்கம்மா என்று சொல்லத் தயாராக நிமிர்ந்தேன்.

"சார், என் ஸ்கிரிப்ட்டத் திரும்பச் சேத்துட்டேன்," என்றாள். "இந்தத் தடவ எடுக்கறதுன்னா, படிச்சுட்டு எடுங்க."